நின்றுபோன படகு மோட்டார்

கெடா மாநிலத்தின் தென்மேற்கு மூலையில், மூடா ஆறு மலாக்கா நீரிணையில் கலக்கும் இடத்தில் கோத்தா கோலா மூடா எனும் மீனவர் ஊர் அமைந்துள்ளது. ஆற்றின் வடகரை கெடாவுக்கு உரியது. தென்கரை பினாங்கு மாநிலத்தின் செபராங் பிறைப் பகுதியைச் சேர்ந்தது. அத்தென்கரையில் ‘பாசார் பீசிக்’ எனப்படும் புகழ்பெற்ற மீன் சந்தை நடைபெறுகிறது. ‘பீசிக்’ என்றால் கிசுகிசுத்தல் என்று பொருள். படகிலிருந்து இறக்கிய மீன் கூடைகளைச் சுற்றி வணிகர்கள் கூடுவர். தாம் கொடுக்க விரும்பும் விலையை உரக்கச் சொல்லாமல், ஏலம் விடுபவரின் காதில் மெல்லக் கூறுவர். கூடுதல் விலை கூறியவருக்கு மீன் போய்ச் சேரும்.

அந்த மீன் சந்தைக்கு வரவேண்டுமானால், படகு கடலுக்குச் சென்று உரிய நேரத்தில் கரை திரும்ப வேண்டும். நேரம் கடந்தால் மீனின் புதுமை குறையும், விலையும் குறையும். சிறு படகுகளை உரிய நேரத்தில் கரை சேர்ப்பது அவற்றின் பின்புறத்தில் பொருத்தப்பட்ட மோட்டார் ஆகும். மலாய் மொழியில் இதனை ‘எஞ்சின் சங்குட்’ என்பர். ‘சங்குட்’ என்பதற்குத் தொங்குதல் என்று பொருள். படகின் பின்பலகையில் தொங்குவதால் இப்பெயர் வந்தது. மேலே எரிபொருளை எரிக்கும் இயந்திரம், நடுவே ஒரு நீண்ட தண்டு, அடியில் நீரைத் தள்ளும் சுழலி என மூன்று பகுதிகளும் ஒரே கருவியில் அடங்கியிருக்கும். திருகுகளைத் தளர்த்தினால் அதைக் கழற்றிப் பட்டறைக்குக் கொண்டு செல்லலாம்.

இத்தகைய மோட்டாரை விலைக்கு வாங்கும் மீனவர், அது பல்லாண்டுகள் உழைக்கும் என்று நம்பியே வாங்குகிறார். ஆனால், அதைத் தயாரித்த நிறுவனம் ஒரு நாள், “இனி இந்த மோட்டாரைத் தயாரிக்க மாட்டோம்” என்று அறிவித்துவிட்டால் என்ன ஆகும்? இது கற்பனைக் கேள்வி அன்று. உலகின் மிகப் பழைய படகு மோட்டார்ப் பெயர்களுள் ஒன்றான ‘எவின்ரூட்’, 2020ஆம் ஆண்டில் இவ்வாறே முடிவுக்கு வந்தது.

துடுப்புக்கு மாற்று

படகுகள் நெடுங்காலம் துடுப்பையும் பாயையும் நம்பியே ஓடின. கோத்தா கோலா மூடாவுக்கு வடக்கே உள்ள பூஜாங் பள்ளத்தாக்கிற்குப் பழங்காலத்தில் வந்த வணிகக் கப்பல்களும் பருவக்காற்றை எதிர்பார்த்தே பயணம் செய்தன. காற்று வீசாவிட்டால் காத்திருக்க வேண்டும். நீரோட்டம் எதிர்த்தால் தோள் வலிக்கத் துடுப்பு போட வேண்டும்.

இந்நிலையை மாற்றியவர்களுள் ஒருவர் ஓலே எவின்ரூட். இவர் 1877ஆம் ஆண்டு நார்வேயில் பிறந்தார். சிறு வயதிலேயே குடும்பத்தோடு அமெரிக்காவின் விஸ்கான்சின் மாநிலத்தில் குடியேறினார். இயந்திரங்கள் மீது பேரார்வம் கொண்ட இவர், மில்வாக்கி நகரில் பட்டறை நடத்தினார். ஒரு வெயில் நாளில், தாம் மணக்கவிருந்த பெஸ் கேரிக்காக ஏரியைக் கடந்து பனிக்கூழ் வாங்கிவரச் சென்றார் என்றும், துடுப்பு போட்டுத் திரும்புவதற்குள் அது உருகிவிட்டது என்றும், அந்த ஏமாற்றமே மோட்டார் செய்யும் எண்ணத்தைத் தூண்டியது என்றும் ஒரு கதை வழங்குகிறது.

படகின் பின்னே தொங்கும் மோட்டாரை முதன்முதலில் உருவாக்கியவர் எவின்ரூட் அல்லர். அவருக்கு முன்னரும் சிலர் முயன்றுள்ளனர். எனினும், பொதுமக்கள் எளிதாகப் பயன்படுத்தக்கூடிய மோட்டாரைச் செய்து, அதைப் பரவலாக விற்றவர் என்ற பெருமை அவரைச் சாரும். 1909ஆம் ஆண்டில் விற்பனைக்கு வந்த அம்மோட்டார் ஒன்றரைக் குதிரைத்திறன் கொண்டது. எடை ஏறத்தாழ 28 கிலோகிராம். எவின்ரூட் பட்டறையைக் கவனித்தார்; பெஸ் விளம்பரத்தையும் வணிகத்தையும் கவனித்தார். கணவனும் மனைவியும் சேர்ந்து வளர்த்த அத்தொழில், பின்னாளில் ‘ஜான்சன்’ எனும் மற்றொரு பெயருடன் இணைந்து, அவுட்போர்டு மெரின் கார்ப்பரேஷன் எனும் பெருநிறுவனமாக உருவெடுத்தது.

இரண்டு வகை மோட்டார்கள்

எவின்ரூட்டின் எழுச்சியையும் வீழ்ச்சியையும் புரிந்துகொள்ள, மோட்டார் இயங்கும் முறையைச் சற்று அறிய வேண்டும்.

இயந்திரத்தின் உள்ளே உந்துதண்டு ஒன்று மேலும் கீழும் அசைகிறது. அது ஒருமுறை மேலேயும் ஒருமுறை கீழேயும் சென்றவுடன் எரிபொருள் ஒருமுறை எரிந்தால், அதனை இரு வீச்சு மோட்டார் என்பர். பேச்சு வழக்கில் இது ‘டூ ஸ்ட்ரோக்’. உந்துதண்டு இரண்டுமுறை மேலும் கீழும் சென்ற பிறகே எரிபொருள் ஒருமுறை எரிந்தால் அது நான்கு வீச்சு மோட்டார். அதாவது ‘ஃபோர் ஸ்ட்ரோக்’.

இரு வீச்சு மோட்டாரில் பாகங்கள் குறைவு. எடையும் குறைவு. பழுதுபார்ப்பதும் எளிது. ஆனால், பழைய வகை இரு வீச்சு மோட்டாரில் புதிய எரிபொருள் உள்ளே நுழையும்போது, புகை வெளியேறும் வழியும் திறந்தே இருக்கும். அதனால் எரிபொருளில் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கு வரை எரியாமலேயே வெளியேறி நீரிலும் காற்றிலும் கலந்துவிடும். எரிபொருளோடு கலக்கப்படும் எண்ணெயும் புகையாகும். நான்கு வீச்சு மோட்டாரில் இக்குறை மிகக் குறைவு. எனினும், அதன் எடையும் விலையும் கூடுதல்.

அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை 1996ஆம் ஆண்டில் படகு மோட்டார்களின் புகைக்குக் கட்டுப்பாடு விதித்தது. 1998 முதல் 2006 வரை படிப்படியாக இவ்விதி கடுமையானது. தயாரிப்பாளர்கள் பலர் நான்கு வீச்சு மோட்டாருக்கு மாறினர். எவின்ரூட்டைத் தயாரித்த நிறுவனமோ வேறு வழியைத் தேர்ந்தெடுத்தது. இரு வீச்சு முறையை விட்டுவிடாமல், எரிபொருளை நேரடியாக உருளைக்குள் பீய்ச்சும் நுட்பத்தைக் கொண்டுவந்தது. ஆனால், 1990களின் பிற்பகுதியில் விற்பனைக்கு வந்த அத்தகைய மோட்டார்கள் பல பழுதாயின. வாடிக்கையாளர்களின் நம்பிக்கை குறைந்தது. 2000ஆம் ஆண்டு டிசம்பர் மாதம் அந்நிறுவனம் நொடித்துப்போனது.

மறுஆண்டு, கனடாவைச் சேர்ந்த பொம்பார்டியர் நிறுவனம் எவின்ரூட், ஜான்சன் ஆகிய இரு பெயர்களையும் வாங்கியது. அதன் பொழுதுபோக்கு வாகனப் பிரிவு பின்னர் பி.ஆர்.பி. எனும் தனி நிறுவனமானது. 2003ஆம் ஆண்டில் ‘ஈ-டெக்’ எனும் புதிய வகை எவின்ரூட் மோட்டார் அறிமுகமானது. புகை வழி மூடிய பிறகே எரிபொருள் உள்ளே பீய்ச்சப்படும்படி அதனை ஒரு சிறு கணினி கட்டுப்படுத்தியது. எரிபொருள் வீணாவது பெரிதும் குறைந்தது. தூய காற்றுக்கான விருதும் அத்தொழில்நுட்பத்திற்குக் கிடைத்தது. எனினும், சந்தை அதற்குள் நான்கு வீச்சு மோட்டாரின் பக்கம் சாய்ந்துவிட்டது. ஜான்சன் எனும் பெயர் 2007ஆம் ஆண்டோடு கைவிடப்பட்டது. எவின்ரூட் மட்டும் எஞ்சி நின்றது.

2020 மே 27

கோவிட்-19 பெருந்தொற்று பரவிய காலத்தை மலேசியர்கள் மறந்திருக்க மாட்டார்கள். 2020 மார்ச் 18ஆம் நாள் நம் நாட்டில் நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை நடைமுறைக்கு வந்தது. உலகெங்கும் தொழிற்சாலைகள் மூடப்பட்டன. அவ்வாண்டு மே 27ஆம் நாள், எவின்ரூட் மோட்டார் தயாரிப்பை நிறுத்துவதாக பி.ஆர்.பி. அறிவித்தது. படகு மோட்டார் தொழில் முன்னரே நெருக்கடியில் இருந்ததாகவும், பெருந்தொற்று அதனை மேலும் பாதித்ததாகவும் அது காரணம் கூறியது. விஸ்கான்சின் மாநிலத்தின் ஸ்டர்டிவன்ட் எனும் ஊரில் இருந்த தொழிற்சாலையில் மோட்டார் உற்பத்தி நின்றது. உலகளவில் ஏறத்தாழ 650 ஊழியர்கள் பாதிக்கப்பட்டனர். 111 ஆண்டுகளுக்கு முன்னர் அதே மாநிலத்தில் விற்பனையைத் தொடங்கிய ஒரு பெயர் அன்று முடிவுக்கு வந்தது.

ஏற்கெனவே விற்ற மோட்டார்களுக்கு உத்தரவாதம் தொடரும் என்றும், உதிரிப் பாகங்கள் தொடர்ந்து வழங்கப்படும் என்றும் அந்நிறுவனம் உறுதியளித்தது. தான் தயாரிக்கும் படகுகளுக்கு மோட்டார் பெறுவதற்காக, அதுவரை போட்டியாளராக இருந்த மெர்குரி மெரின் நிறுவனத்தோடு உடன்பாடு செய்துகொண்டது.

அறிவிப்புக்குப் பின்

ஒரு பொருளின் தயாரிப்பு நின்றால், அதன் பாதிப்பு எல்லாருக்கும் ஒரே நாளில் வருவதில்லை. அது ஒருவர் பின் ஒருவராகச் சென்று சேர்கிறது.

முதலில் பாதிக்கப்படுபவர்கள் தொழிற்சாலை ஊழியர்கள். அவர்கள் வேலையை இழக்கின்றனர். அவர்களோடு, பல ஆண்டுகள் ஒரே வகை மோட்டாரைச் செய்து பழகிய கைத்திறனும் சிதறிப்போகிறது. அத்தொழிற்சாலைக்குத் திருகும் குழாயும் வார்ப்பும் செய்து தந்த சிறு நிறுவனங்களுக்கும் வருமானம் குறைகிறது.

அடுத்து, விற்பனையாளர்கள். கடையில் இருக்கும் மோட்டார்களை விலை குறைத்து விற்க வேண்டிய நிலை வருகிறது. தயாரிப்பு நின்றுபோன மோட்டாரை வாங்க மக்கள் தயங்குவர். வேறு நிறுவனத்தின் விற்பனை உரிமையைப் பெற வேண்டுமென்றால் புதிய ஒப்பந்தமும் புதிய முதலீடும் தேவைப்படும்.

மூன்றாவதாக, பழுதுபார்ப்பவர்கள். இங்குதான் பழைய மோட்டாருக்கும் புதிய மோட்டாருக்கும் உள்ள வேறுபாடு தெரிகிறது. பழைய இரு வீச்சு மோட்டார் நின்றுவிட்டால், அனுபவமுள்ள ஒருவர் தீப்பொறிச் செருகியைக் கழற்றித் துடைப்பார். எரிபொருள் குழாயை ஊதிப் பார்ப்பார். ஒலியைக் கேட்டே குறையைக் கண்டுபிடித்துவிடுவார். கணினியால் இயங்கும் மோட்டாருக்கு இத்திறமை மட்டும் போதாது. குறையை அறிய மடிக்கணினியை இணைக்க வேண்டும். அதற்குரிய மென்பொருளும் வேண்டும். நிறுவனம் அம்மென்பொருளை வழங்குவதை நிறுத்திவிட்டால், கை தேர்ந்தவரும் கைகட்டி நிற்க வேண்டியதுதான்.

இறுதியாக, மோட்டாரின் உரிமையாளர். அவருக்கு முதல் நாள் எந்த மாற்றமும் தெரியாது. மோட்டார் முன்போலவே ஓடும். சில ஆண்டுகள் கழித்து ஒரு பாகம் தேயும்போதுதான் சிக்கல் தொடங்கும். தீப்பொறிச் செருகி, எரிபொருள் வடிகட்டி, பற்சக்கர எண்ணெய் போன்றவை பல நிறுவனங்களிடம் கிடைக்கும். மோட்டாரைக் குளிர்விக்கக் கடல்நீரை இறைக்கும் இரப்பர் இறக்கைச் சக்கரம் அடிக்கடி தேயக்கூடியது. அதையும் பிற நிறுவனங்கள் செய்து விற்பதுண்டு. ஆனால், மோட்டாரின் மூளையாகிய மின்னணுக் கட்டுப்பாட்டுப் பெட்டி அந்த ஒரு மோட்டாருக்கென்றே உருவாக்கப்பட்டது. அது கிடைக்காவிட்டால், மற்றப் பாகங்கள் யாவும் நல்ல நிலையில் இருந்தாலும் மோட்டார் வெறும் இரும்புச் சுமையே. அப்போது, ஒரு மோட்டாரை ஓடச் செய்ய இன்னொரு மோட்டாரைப் பிரித்துப் பாகம் எடுக்க வேண்டியிருக்கும். அத்தகைய மோட்டாரை விற்க முயன்றாலும் நல்ல விலை கிடைக்காது.

மீனவருக்கு மோட்டார் என்பது

உல்லாசப் படகு வைத்திருப்பவருக்கு மோட்டார் பழுதானால் ஒரு வார இறுதி வீணாகும். கரையோர மீனவருக்கோ அன்றைய வருமானமே போய்விடும். மோட்டார் நடுக்கடலில் நின்றுவிட்டால் வருமானத்தோடு உயிருக்கும் ஆபத்து நேரலாம். மலாக்கா நீரிணையில் திடீரென வீசும் சூறைக்காற்றின்போது, மோட்டார் இயங்காத சிறு படகு அலைகளின் போக்கில் தள்ளப்படும்.

படகும் மோட்டாரும் இல்லாத மீனவரின் நிலையைக் கோத்தா கோலா மூடா மக்கள் நன்கு அறிவர். 2004 டிசம்பர் 26ஆம் நாள் சுமத்ராவுக்கு அருகே ஏற்பட்ட நிலநடுக்கத்தால் எழுந்த ஆழிப்பேரலை, அன்று பிற்பகலில் இவ்வூரைத் தாக்கியது. மலேசியாவில் 68 பேர் உயிரிழந்தனர். கெடாவில் மிகக் கடுமையாகப் பாதிக்கப்பட்ட இடம் கோத்தா கோலா மூடா. வீடுகள் இடிந்தன, படகுகள் உடைந்தன, மோட்டார்கள் உப்புநீரிலும் சேற்றிலும் மூழ்கின. உயிர் தப்பிய மீனவர்களுக்குக் கடல் அங்கேயே இருந்தது, மீனும் இருந்தது. ஆனால், கடலுக்குச் செல்லும் வழி இல்லை. அன்று சிதைந்த படகுகள் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கப்பட்டு, இன்று அவ்வூரில் நினைவுச் சின்னமாக நிற்கின்றன. மீனவரின் வாழ்வு எத்தனை சிறிய கருவிகளை நம்பியிருக்கிறது என்பதை அக்காட்சி உணர்த்துகிறது.

எவின்ரூட்டின் முடிவால் இப்பகுதி மீன்பிடித் தொழில் முடங்கிவிடவில்லை. ஆசியாவின் கரையோர மீனவர்கள் பெரும்பாலும் யமஹா, சுசுகி போன்ற ஜப்பானிய மோட்டார்களையே பயன்படுத்துகின்றனர். அவற்றுக்கான உதிரிப் பாகங்களும் பழுதுபார்ப்பவர்களும் எளிதில் கிடைக்கின்றனர். ஆயினும், எவின்ரூட் தரும் பாடம் எந்த மோட்டாருக்கும் பொருந்தும். விருது பெற்ற தொழில்நுட்பமும் நூறாண்டுப் புகழும் ஒரு தயாரிப்பு தொடரும் என்பதற்கு உறுதி ஆகா. எங்கோ ஒரு தலைமையகத்தில் எடுக்கப்படும் முடிவு, அதை அறியாத ஒருவரின் பிழைப்பை எட்டித் தொடலாம்.

சட்டம் என்ன சொல்கிறது?

விற்ற பொருளைப் பழுதுபார்க்க வழி செய்வது தயாரிப்பாளரின் கடமையா? மலேசியாவின் 1999ஆம் ஆண்டுப் பயனீட்டாளர் பாதுகாப்புச் சட்டம் இதற்கு விடை தருகிறது. பொருளை விற்ற பிறகு நியாயமான காலம் வரை, பழுதுபார்க்கும் வசதியும் உதிரிப் பாகங்களும் கிடைப்பதற்குத் தயாரிப்பாளரும் விற்பனையாளரும் நியாயமான நடவடிக்கை எடுக்க வேண்டும் என்று அச்சட்டத்தின் 37ஆம் பிரிவு கூறுகிறது. அவ்வாறு செய்ய இயலாது என்பதை வாங்கும்போதே தெரிவித்துவிட்டால் இக்கடமை இல்லை. ஆகவே, வாங்குபவர் கேட்டு அறிந்துகொள்வது முக்கியம்.

இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். இச்சட்டம் பெரும்பாலும் வீட்டிற்கும் சொந்தப் பயனுக்கும் பொருள் வாங்குவோரை மனத்திற்கொண்டு இயற்றப்பட்டது. தொழிலுக்காக வாங்கும் கருவிக்கும் இதே பாதுகாப்பு முழுமையாகக் கிடைத்துவிடும் என்று எண்ணிவிடக் கூடாது. அன்றாடப் பிழைப்புக்காக ஒரு கருவியை நம்பியிருப்பவருக்கே அதிகப் பாதுகாப்பு தேவை என்பது சிந்திக்கத்தக்கது.

பிற நாடுகளிலும் ‘பழுதுபார்க்கும் உரிமை’ குறித்துப் பேசப்படுகிறது. ஐரோப்பிய ஒன்றியம் 2024ஆம் ஆண்டில் இதற்கென ஒரு சட்ட நெறிமுறையை ஏற்றுக்கொண்டது. துணி துவைக்கும் இயந்திரம், குளிர்பதனப் பெட்டி, கைப்பேசி போன்றவற்றைத் தயாரிப்பவர்கள் அவற்றைப் பழுதுபார்க்கவும் வழி செய்ய வேண்டும் என்று அது வலியுறுத்துகிறது. இந்தியாவும் 2022ஆம் ஆண்டில் இவ்வுரிமை குறித்து ஆராய ஒரு குழுவை அமைத்தது. அக்குழு கவனத்தில் கொண்ட துறைகளுள் வேளாண் கருவிகளும் அடங்கும்.

வாங்குமுன் எண்ணுதல்

படகு மோட்டாருக்கு மட்டுமன்று. மோட்டார் சைக்கிள், நீரிறைக்கும் இயந்திரம், புல்வெட்டும் இயந்திரம், கைப்பேசி என எதை வாங்கினாலும் சில கேள்விகளைக் கேட்டுப் பார்க்கலாம். இதைப் பழுதுபார்க்கத் தெரிந்தவர் அருகில் இருக்கிறாரா? உதிரிப் பாகம் உள்ளூரில் கிடைக்குமா, அல்லது வெளிநாட்டிலிருந்து வரவழைக்க வேண்டுமா? அப்பாகத்தை ஒரே நிறுவனம்தான் செய்கிறதா? இதனைத் திறந்து பார்க்கச் சிறப்புக் கருவியோ மென்பொருளோ தேவையா? ஆழம் தெரியாமல் காலை விடக்கூடாது என்று பெரியோர் சொன்னது ஆற்றுக்கு மட்டும் உரியதன்று.

ஒரு மோட்டாரை வாங்கும்போது நாம் இரும்பையும் கம்பியையும் மட்டும் வாங்குவதில்லை. அதைச் செய்தவர், விற்றவர், பாகம் தருபவர், பழுதுபார்ப்பவர் என நீளும் ஒரு தொடரையும் நம்பி வாங்குகிறோம். அத்தொடரில் முதல் கண்ணி அறுந்தாலும் மற்றவை சில காலம் தாங்கும். எவின்ரூட் மோட்டார்கள் பல இன்னும் நீரில் ஓடிக்கொண்டிருப்பதற்கு, அவற்றைப் பேணத் தெரிந்த கைகளே காரணம். பொருளைச் செய்யும் அறிவுக்குத் தரும் மதிப்பை அதைப் பேணும் அறிவுக்கும் சமுதாயம் தர வேண்டும். கடற்கரைப் பட்டறையில் கையெல்லாம் எண்ணெய்க் கறையோடு ஒரு பழைய மோட்டாரை மீண்டும் ஓடச் செய்பவரை நம்பியே பல குடும்பங்களின் அடுப்பு எரிகிறது.

கருத்துணர் கேள்விகள்

1. ‘எஞ்சின் சங்குட்’ எனும் பெயர் ஏற்பட்ட காரணத்தை எழுதுக.

2. பழைய வகை இரு வீச்சு மோட்டாரின் இரண்டு நன்மைகளையும் இரண்டு குறைகளையும் குறிப்பிடுக.

3. எவின்ரூட் மோட்டாரின் தயாரிப்பு நின்றதற்கான காரணங்களைப் பத்தியிலிருந்து தொகுத்து எழுதுக.

4. “கை தேர்ந்தவரும் கைகட்டி நிற்க வேண்டியதுதான்.” இக்கூற்று எச்சூழலில் கூறப்பட்டது? விளக்குக.

5. ஆழிப்பேரலைக்குப் பின் மீனவர்களின் நிலையைக் கூறும் பகுதி, இப்பாடத்தின் மையக்கருத்துக்கு எவ்வாறு துணை செய்கிறது?

6. பழுதுபார்க்கும் உரிமை தொழிற்கருவிகளுக்கும் வழங்கப்பட வேண்டும் என்பது குறித்து உன் கருத்தைக் காரணங்களோடு எழுதுக.